கயிறு விடாத மனுசன்

என் கணவர் சுதாகரனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: கயிறு விடாத மனுசன். தொண்டைமானாற்றுக்குப் பக்கத்தில், கடற்கரையோரக் கிராமம் எங்களுடையது. இங்கே பொங்கல் காலத்தில் ஏற்றுகிற பட்டங்களைப் பார்த்தால் வெளியூரார் வாயைப் பிளப்பார்கள். வீட்டுக் கதவைவிடப் பெரியவை. விண் என்கிற, காற்றில் அதிரும் நாணைப் பூட்டி ஏற்றிவிட்டால் இரவிரவாகக் கூவி ஊரைத் தூங்கவிடாதவை. ஒரு பட்டத்தைப் பிடிக்க ஏழெட்டு ஆம்பிளைகள் வேண்டும். ஒருமுறை வாடைக்காற்று திடீரென்று எழும்ப, பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். முன்னால் நின்ற இவர் மட்டும் விடவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே போய், அந்தரத்தில் காலை உதறி, பிறகு கீழே வந்து விழுந்து, உள்ளங்கைத் தோல் உரிந்த பிறகும் கயிறு கையில்தான் இருந்ததாம். நான் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் கலியாணத்துக்கு வந்த ஒவ்வொருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள்.

எனக்கு அந்தப் பெருமை ஒருநாளும் பிடித்ததில்லை. காரணம் பொறாமை, ஒளிப்பானேன்? நானும் இதே கரையில் பிறந்தவள்தான். பட்டம் ஏற்றுகிற வெளியில் பெண்களுக்கு இரண்டே வேலைகள். தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்கி வருவது ஒன்று. "தள்ளி நில்லுங்கோ" என்றதும் தள்ளி நிற்பது மற்றது. பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து பழக்குகிற ஆசிரியை. விசில் ஊதினால் ஒரு மைதானமே நிற்கும். அந்த வெளிக்கு வந்தால் மட்டும் நான் கேத்தில்காரி.

போன ஆவணியில், சந்நிதி கோயில் திருவிழாவுக்கு இவருடைய தம்பி கோகுலன் டென்மார்க்கிலிருந்து வந்தான். மற்றவர்கள் சொக்லேற் கொண்டுவருவார்கள். அவன் ஒரு பை நிறையப் பட்டம் கொண்டுவந்தான். முற்றத்தில் விரித்துக் காட்டினான். மூங்கில் இல்லை, வால் இல்லை, விண்ணும் இல்லை. இரட்டைத் துணியில் அறை அறையாகத் தைத்திருந்தது. முன்பக்கத்து வாய்களால் காற்றுப் புகுந்தால் ஊதிக்கொண்டு நிற்குமாம். எங்கள் ஊர்ப் பட்டக் கழகத்தின் தலைவர் செல்வநாயகம் அண்ணை அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"உது பட்டமில்லைத் தம்பி. பறக்கிற மெத்தை."

"மெத்தைதான் அண்ணை," என்றான் கோகுலன். "ஆனால் ஆளை வண்டியோடை இழுத்துக்கொண்டு போகும். அங்கை 'பவர் கைட்' எண்டுறவங்கள்."

வண்டியை அவன் இங்கேயே ஒரு வெல்டிங் கடையில் செய்வித்தான். மூன்று சில்லு, நிலத்தோடு தாழ்ந்த ஓர் இருக்கை, முன் சில்லைத் திருப்பக் காலுக்கு ஒரு மிதி. பிறேக் கிடையாது. பிறேக் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "பட்டம்தான் எஞ்சின், பட்டம்தான் பிறேக்" என்றான்.

ஆவணியில் ஊரையொட்டிய நீரேரி பல இடங்களில் வற்றிப்போய்க் கிடக்கும். உப்புப் பூத்த தரை, மேசை மாதிரிச் சமன். சோளகக் காற்று தடையில்லாமல் அடிக்கும். அங்கேயும் கோகுலன் கண்ட இடத்தில் நிற்க விடவில்லை. மின்கம்பியும் றோட்டும் தெரியாத தூரத்துக்கு எல்லாரையும் நடத்திக்கொண்டு போனான். காற்று போகிற பக்கத்தில் ஒரு ஆடுகூட நிற்கக்கூடாது என்று கலைத்தான். அதன் பிறகுதான் பட்டத்தின் நூல்களை விரித்து, தன் அண்ணனுக்கு விளங்கப்படுத்தினான். நானும் கேத்திலோடு நின்று கேட்டேன்.

"இந்தத் தடியின்ரை ரெண்டு நுனியிலையும் ரெண்டு நூல். வலதை இழுத்தால் பட்டம் வலதாலை போகும், இடதை இழுத்தால் இடதாலை. தலைக்கு நேர மேலை நிண்டால் உது பூனை. கீழை இறங்கி எங்களுக்கு முன்னாலை வந்தால் எருமை. பிடிக்கேலாது. நடுவிலை ஒரு மூண்டாவது நூல் இருக்கு, பாருங்கோ. அது சும்மா தொய்ஞ்சு கிடக்கும். கையிலை கட்டுற இந்தப் பட்டியோடை அது சேர்ந்திருக்கு. தடியை விட்டால் இழுவை முழுக்க அந்த ஒரு நூலுக்கு மாறும். பட்டம் மடங்கி ஈரச்சீலை மாதிரி விழும். ஆளும் தப்பும், பட்டமும் தப்பும்."

"அவ்வளவுதானே?" என்றார் இவர்.

"அவ்வளவுதான் அண்ணை. தடியை விடோணும்."

கோகுலன் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினான். நீளமாக ஒரு தழும்பு, உள்ளே இரும்பு. டென்மார்க்கில் பழகத் தொடங்கிய காலத்தில், எல்லாரும் விடச்சொல்லிக் கத்தக் கத்த விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதன் பலன். "எங்கடை ஊர்க் கை எனக்கும் இருந்தது," என்றான். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "நான் திரும்பிப் போகேக்கை இதையும் வண்டியையும் இஞ்சை விட்டிட்டுத்தான் போவன். ஆனால் விடத் தெரிஞ்ச ஆளிட்டைத்தான் குடுப்பன்."

யாரிடம் கொடுப்பான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. இவர் ஹெல்மெற், கையுறை, நீளக் காற்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு தடியைப் பிடித்தார். வண்டியில் ஏற முன்பு நிலத்தில் நின்று பழகவேண்டுமாம். பொய் சொல்லக்கூடாது, பார்க்க அழகாக இருந்தது. கோகுலன் வருசக்கணக்காகப் பழகியதை இவர் அரைமணித்தியாலத்தில் பிடித்துவிட்டார். காற்றைக் கண்ணால் பார்க்கிறவர் மாதிரி, அது வர முன்னரே கையைத் திருப்பினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"சரி அண்ணை, இப்பக் கீழை இறக்குங்கோ. நான் 'விடு' எண்டு கத்துவன். மரியாதை பாக்கமாட்டன். உடனை விடோணும்."

பட்டம் எருமைப் பக்கம் இறங்கியது. இவருடைய குதி தரையை உழுதது.

"விடு!"

இவர் விடவில்லை. முகங்குப்புற விழுந்து, வயிற்றால் உப்பு மண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். போகிற போக்கிலேயே, படுத்தபடி, பட்டத்தைத் தலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார். கழகத்து ஆட்கள் கைதட்டினார்கள். கோகுலனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"கை தட்டாதேங்கோ! அது பிழை!"

திரும்பவும் செய்தார்கள். திரும்பவும் அதே கூட்டல். அடுத்தமுறை இவர் எழும்பி, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார். "நான் விட்டனான்ரா. மூளை விட்டிட்டுது. கைதான் விடேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் வாய் என்னைக் கேட்காமலே கேட்டுவிட்டது. "நான் ஒருக்காப் பிடிச்சுப் பாக்கட்டோ?"

செல்வநாயகம் அண்ணை கேத்திலைப் பார்த்தார். "பிள்ளை, தேத்தண்ணி ஆறப்போகுது."

"ஆறினால் ஆறட்டும் அண்ணை. உங்களுக்குத்தானே வயித்துக்குச் சூடு ஆகாது."

கோகுலன் பட்டியை என் மணிக்கட்டில் சுற்றினான். சப்பாத்துகளில் இருக்குமே, ஒட்டி அமத்துகிற பட்டி, அதுதான். முதல் இழுவை தோளுக்கு வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை. இத்தனை வருசமும் இவர்கள் இதையா தங்களுக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் கேத்திலைத் தந்தார்கள் என்கிற கோபத்தில். வானத்தில் இருக்கிற ஒன்று என் கையைப் பிடித்து, வா வா என்று இழுத்தது. இரண்டுமுறை தரையில் குத்தினேன், மூன்றாம்முறை மேலே நிறுத்தினேன். பிறகு கோகுலன் சொன்னபடி கீழே இறக்கினேன்.

"விடு!"

விட்டேன். தடி பறந்தது, பட்டம் மடங்கியது, ஈரச்சீலை மாதிரியே விழுந்தது. நான் நின்ற இடத்தில் நின்றேன்.

"எப்பிடி மச்சாள் உடனை விட்டனீங்கள்?" என்று கோகுலன் கேட்டான்.

"வலைப்பந்திலை பந்தைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டால் விசில் ஊதிப் பறிச்சுப்போடுவினம். வாங்கின உடனை விடத்தான் வேணும். சின்னனிலை இருந்து அதுதானே பழக்கம்."

இன்னும் சிலமுறை சோதித்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் விட்டேன். கடைசியில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டான். "இது மச்சாளிட்டைத்தான்." ஒரு நிபந்தனையும் வைத்தான். சனிக்கிழமை நான் வண்டியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடி, அங்கே தடியை விட்டு நிற்பாட்டிக் காட்டவேண்டும். சரி என்றால் பட்டம் இங்கே. இல்லையென்றால் திரும்பப் பைக்குள்.

இவர் ஹெல்மெற்றைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு நடந்தார்.

இவருடைய கோபம் எனக்குப் பழக்கமானதுதான். சத்தம் போடுவார், நானும் போடுவேன், அடுத்த நேரச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். இந்தமுறை சத்தமே இல்லை. குழம்பில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டிப்போட்டேன். அதையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு விடிய மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பட்டம் எனக்கு வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் இந்த மனுசன் இப்படி வாயை மூடிக்கொண்டு ஒரு வீட்டில் இருப்பார் என்றால், அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 'நீங்களே வைச்சிருங்கோ' என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த காலம் போதாதா?

வெள்ளி இரவு படுக்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தடியை விட்டாப்பிறகு, அந்த ஒரு நூல்தானே பட்டத்தைப் பிடிச்சிருக்கும்?"

"ஓம்."

"மெல்லிய நூல்," என்றார். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கழகமே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், எல்லாருக்கும் முதல் போய் நின்றவர் இவர். பட்டத்தை விரித்து, அது பறந்துவிடாமல் மேலே மண் அள்ளிப் போட்டு, நூல்களைச் சிக்கில்லாமல் நீட்டி வைத்திருந்தார். கோகுலன் பட்டியை இழுத்து, தடியை விட்டுப் பார்த்துச் சோதித்தான். எல்லாம் சரி. பிறகு அவன் பட்டத்தைத் தூக்கி நிறுத்த, நூல்கள் முடிகிற அந்தத் தொங்கலுக்கு நடந்தான்.

நான் வண்டியில் இருந்தேன். இவர் தடியைக் கொண்டுவந்து தந்தார். குந்தியிருந்து பட்டியை என் மணிக்கட்டில் சுற்றி, ஒருமுறை இழுத்து, அதில் ஏதோ செய்து, என் சட்டைக் கையையும் அதன் மேலால் இழுத்துவிட்டார். நாட்கணக்காகப் பேசாமல் இருந்த மனுசன் என் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததில் எனக்கு உள்ளெல்லாம் குளிர்ந்துபோனது. என்ன செய்கிறார் என்று பார்க்கவே இல்லை. அவருடைய தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கவனம்," என்றார்.

பட்டம் எழும்பியது. அதை வலப்பக்கம் சாய்த்தேன். வண்டி முதலில் முனகியது, பிறகு உருண்டது, பிறகு ஓடியது. எஞ்சின் சத்தம் இல்லை. சில்லுக்கடியில் உப்பு நொருங்குகிற சத்தமும், காதில் காற்றும் மட்டும். காலால் முன் சில்லைத் திருப்பினால் திரும்பியது. பட்டத்தைக் கொஞ்சம் மேலே விட்டால் மெதுவாகியது, கீழே விட்டால் பாய்ந்தது. தூரத்தில் தண்ணீர் நின்ற இடத்திலிருந்து கொக்குகள் எழும்பின. நான் பாடினேனா கத்தினேனா என்று தெரியாது. கரையில் நின்றவர்களுக்கும் கேட்டதாம். அந்த நேரத்தில் என்னைவிடச் சந்தோசமான ஒருத்தி யாழ்ப்பாணத்தில் இருந்திருக்க மாட்டாள்.

அந்தக் கரை கிட்ட வரும்போது சோளகம் ஒரு குத்துக் குத்தியது. பட்டம் நேரே முன்னால் இறங்கியது. ஒரு பக்கச் சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பியது. பின்னாலிருந்து சனம் கத்துவது கேட்டது. "விடாதை! பிடி! பிடி!" ஊர்ப் பழக்கம், என்ன செய்வது? கோகுலனின் ஒற்றைக் குரல் மட்டும், "விடு!"

விட்டேன்.

தடி என் கையை விட்டுப் போனது. ஆனால் போகவில்லை. ஒரு சாண் தூரத்தில் 'டக்' என்று நின்றது. பட்டம் மடங்கவில்லை. ஊதினபடியே குட்டிக்கரணம் போட்டுப் போட்டு, ஒவ்வொரு கரணத்துக்கும் என் மணிக்கட்டை வெட்டி வெட்டி இழுத்தது. நான் இருக்கையிலிருந்து பிடுங்குப்பட்டு விழுந்தேன். ஹெல்மெற் தரையில் மோதியது. வயிற்றால் இழுபட்டுக்கொண்டே பார்க்கிறேன், தடியிலிருந்து என் பட்டிக்கு ஒரு வெள்ளை நைலோன் கயிறு, கச்சிதமான முடிச்சோடு.

யோசிக்க நேரமில்லை. பட்டியைக் கழற்றினால் பட்டம் கையைவிட்டுப் போய்விடும். அந்தப் பட்டம், எனக்கென்று வந்த ஒன்று. மறுகையால் பட்டியைப் பிடித்துச் சர்ரென்று கிழித்து எறிந்தேன்.

எல்லாம் போனது. தடி, பட்டி, நூல், பட்டம், எல்லாம் சேர்ந்து உருண்டு பறந்து, நீரேரியின் அந்தக் கரைப் பற்றைகளை நோக்கிப் போயின. அப்படியே கிடந்தபடி திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊரில் பட்டம் அறுந்தால் சாவு வீட்டில் நிற்கிறவன்கூட அதன் பின்னால் ஓடுவான். கழகம் முழுக்க, செல்வநாயகம் அண்ணை சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, என்னைத் தாண்டிப் பட்டத்துக்குப் பின்னால் ஓடியது. ஒருத்தர் மட்டும் பட்டம் போன திசையைத் திரும்பியும் பார்க்காமல் என்னிடம் ஓடி வந்தார்.

"எங்கை நோகுது? கையைக் காட்டும். விரலை மடிச்சுப் பாரும். கலா, மடியும்!"

மடித்துக் காட்டினேன். முழங்கை உரஞ்சியிருந்தது, மணிக்கட்டு சிவந்திருந்தது, அவ்வளவுதான். இவர் உப்புத் தரையில் பொத்தென்று இருந்துவிட்டார்.

"நான்தான் கட்டினனான்," என்றார்.

"உங்களுக்கு விசரே!" என்று நான் கத்திய கத்தலில் கொக்குகள் திரும்பவும் எழும்பியிருக்கும். "விட்டால் விழோணும் எண்டுதானே அவன் நூறுதரம் சொன்னவன்! என்னைக் கொல்லப் பாத்தனீங்களோ?"

"இல்லையப்பா. அந்த நூல் மெல்லிசு. நீர் விட்டிடுவீர், எனக்குத் தெரியும். விடேக்கை நூல் அறுந்தால் பட்டம் போயிடும். நீர் ஆசைப்பட்டது… போகக்கூடாது எண்டு நினைச்சன். வள்ளத்திலை கத்தியிலை இருந்து தண்ணி இறைக்கிற வாளிவரை எல்லாத்தையும் கட்டித்தானே வைக்கிறனாங்கள். கட்டாததெல்லாம் கடலுக்குத்தான் போகும்."

இந்த மனுசன் பட்டம் எனக்கு வந்ததைப் பொறுக்காமல் வாய்மூடி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, உப்பைக் கொட்டிக் குழம்பு வைத்தவள் நான். இவரோ அந்தப் பட்டம் என்னைவிட்டுப் போய்விடுமோ என்று படுத்திருந்து யோசித்திருக்கிறார். கோபம் போகவில்லை. ஆனால் அதற்கு மேலால் வேறொன்று வந்து, இரண்டும் சேர்ந்து என்னை அழவைத்தன.

அவர்கள் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முள்ளில் மாட்டி ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. கோகுலன் தடியிலிருந்த கயிற்றைப் பிடித்துப் பார்த்தான். செல்வநாயகம் அண்ணை சமாளிக்கப் பார்த்தார். "சரி சரி, காத்துத்தான் பிழை விட்டிட்டுது."

இவர் எழும்பி நின்றார். "காத்திலை பிழையில்லை அண்ணை. நான்தான் பிழை. நான் கட்டினது."

கழகத்துக்கு முன்னால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, இதைச் சொன்னார். கயிற்றில் தொங்கின கதையை விட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

கோகுலன் பட்டத்தை மடிக்கத் தொடங்கினான். "இது என்னோடை வருது. மச்சாளிலை ஒரு பிழையுமில்லை. ஆனால் இதோடை ஆரும் தனிய ஓடக்கூடாது. பக்கத்திலை ஒரு ஆள் நிக்கோணும். நிக்கப்போறது என்ரை அண்ணை. விடத் தெரியாத ஆள் இன்னொருத்தரை விட விடாது. இப்பப் பாத்தனீங்கள்தானே?"

"நான் ரெண்டுதரம் விட்டனான்!" என்றேன். "முதல் தடியை, பேந்து பட்டத்தையே விட்டனான். இன்னும் எத்தினைதரம் விடோணும்?"

"நீங்கள் இல்லை மச்சாள். அவர்."

இவர் தம்பியின் தோளில் கையை வைத்தார். "திங்கள் பின்னேரம்தானே போறாய்? விடியவெள்ளன வா. ஒருக்காப் பாப்பம்."

ஞாயிற்றுக்கிழமை கிழிந்த இடத்தைக் குடைச்சீலை வைத்து என் மெசினில் தைத்தேன். பச்சைப் பட்டத்தில் கறுப்பு ஒட்டு. அழகில்லை, ஆனால் காற்றைப் பிடிக்கும். இவர் பக்கத்தில் இருந்து துணியைப் பிடித்துத் தந்தார். அன்றைக்குக் குழம்பில் கூடிப்போன உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

திங்கள் காலையில் நாங்கள் மூன்று பேர்தான். கைதட்ட ஆள் வேண்டாம் என்று இவரே கழகத்துக்குச் சொல்லிவிட்டார். பட்டியை நான் இவருடைய மணிக்கட்டில் சுற்றினேன். கோகுலன் ஒருமுறை, நான் ஒருமுறை, இவர் ஒருமுறை என்று எல்லாரும் அதை இழுத்துப் பார்த்தோம். பட்டம் எழும்பியது. இவர் அதை இடமும் வலமும் ஓட்டிவிட்டு, கீழே இறக்கினார். குதி தரையை உழுதது.

"மச்சாள், நீங்கள் கத்துங்கோ," என்றான் கோகுலன். "நான் கத்தி அவர் விடேல்லை."

நான் இவருக்கு எதிரில் பக்கவாட்டாக நின்றேன். இவர் விடாவிட்டால் பட்டம் இன்று பின்னேரம் விமானம் ஏறிவிடும். அதைவிட, அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நரம்பெல்லாம் புடைத்து, வெளிறி, தடியோடு ஒட்டிப்போய் இருந்தது. மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்தேன்.

தடி பறந்தது. பட்டம் மடங்கி விழுந்தது.

"நான் இன்னும் சொல்லேல்லையே!"

"சொல்லப்போறீர் எண்டு தெரிஞ்சுது," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டம் கீழே இறங்கிய நேரம் தொடங்கி இவர் அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பட்டம் பிடித்த கையோடு வேறெங்கும் பார்த்தறியாத மனுசன்.

கோகுலன் சட்டம் கதைத்தான். சொல்ல முன்னர் விட்டால் கணக்கில்லை, திரும்பச் செய்யவேண்டும் என்றான். திரும்பச் செய்தார். நான் வாயைத் திறக்கத் திறக்க இவர் விட்டார். கடைசியில் கோகுலன் தலையைச் சொறிந்துகொண்டு, பட்டத்தின் வெறும் பையைக் கொண்டுவந்து என் கையில் தந்தான்.

இவர் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றார், நம்பமுடியாதவர் மாதிரி. "விட்டால் நோகும் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

நான் பட்டத்தை உதறி மடித்துப் பைக்குள் வைத்தேன். வண்டியை அவர் தள்ளிக்கொண்டு வந்தார்.